வயல் என்று போட்ட கட்டங்கள்

ஜூன் 3, செவ்வாய்

விடியற்காலையிலிருந்து மழை. கொடியில் ஒரு துணி காயவில்லை, வீடு முழுக்க ஈர வாடை. தீவுக்குக் கப்பல் வரவில்லையாம், கடையில் தக்காளி கிடையாது. புளியும் மிளகும் போட்டு ஒப்பேற்றினேன்.

கம்ப்யூட்டரில் ஓட்டுகிற அலைக் கணக்கு இன்றைக்கும் வெடித்தது. ஓடை முகத்துவாரத்தில் ஒரு கட்டத்தில் தண்ணீர் ஏறுகிறது, பக்கத்துக் கட்டத்தில் இறங்குகிறது, அடுத்ததில் ஏறுகிறது. சதுரங்கப் பலகை மாதிரி. கொஞ்ச நேரத்தில் அலை உயரம் இமயமலையைத் தாண்டிவிட்டது. அப்புறம் திரை முழுக்க எண்ணே இல்லை, வெறும் பிழைக்குறி. சீ என்று வந்துவிட்டது.

எனக்கே குழம்புகிறது, அதனால் எழுதி வைக்கிறேன். வேலை இதுதான்: ஓடைக்குப் பக்கத்தில் புது ஆரம்பப் பள்ளி கட்டப்போகிறார்கள். பெரிய அலை வந்தால் அந்த இடத்துக்குத் தண்ணீர் வருமா, வராதா? நான் சொல்ல வேண்டும். கடலையும் கரையையும் சதுரக் கட்டங்களாக வெட்டிக்கொள்வது. ஒவ்வொரு கட்டத்துக்கும் ஒரு தரை மட்டம், ஒரு தண்ணீர் மட்டம். பக்கத்துக் கட்டத்துக்கும் இதற்கும் என்ன வித்தியாசம்? அந்த வித்தியாசம்தான் தண்ணீரைத் தள்ளும். துளி நேரம் நகர்த்து. மறுபடி வித்தியாசம் பார். மறுபடி நகர்த்து. அவ்வளவுதான் வித்தை. இதற்கு ஃபைனைட் டிஃபரன்ஸ் என்று பெயர் வைத்து காலேஜில் ஒரு செமஸ்டர் முழுக்கப் பயமுறுத்தினார்கள்.

என் மகள் இனியா இந்த வருஷம் ஒன்றாம் வகுப்பு. இப்போதைக்குத் தகரக் கொட்டகை. கட்டடம் முடிந்ததும் அங்கேதான் உட்காருவாள்.

சாயங்காலம் மாமா, "என்னா புள்ள, கடலு இன்னைக்கும் வெடிச்சிருச்சா?" என்று சிரித்தார். என் மாமனாருக்கு என் வேலை ஒரு பட்டாசுக் கடை.

நாளைக்கு: குடை தைக்கக் கொடுக்க. இ.வுக்கு நோட்டு அட்டை. முகத்துவாரத்தில் ஆழத்தைச் சரிபார்க்க.

ஜூன் 5, வியாழன்

மழை விட்டு விட்டு. மின்னி பே ரோட்டில் மரம் விழுந்து பஸ் லேட். ஆபீசுக்கு நனைந்த கோழி மாதிரி போய்ச் சேர்ந்தேன்.

பிஸ்வாஸ் சார் மேசைக்கே வந்துவிட்டார். அவர்தான் எங்கள் பிரிவுத் தலைவர். கெட்டவர் இல்லை. ஆனால் ஒரு வேலை முடியாமல் கிடந்தால் அவருக்கு இருப்புக் கொள்ளாது. சதுரங்கப் பலகையைக் காட்டினேன். "அரே மேடம், இத்னா டென்ஷன் மத் லோ. தோடா ஸ்மூத் கர் தோ, பஸ்" என்றார். டென்ஷன் வேண்டாம், கொஞ்சம் ஸ்மூத் செய், போதும். ஒவ்வொரு கட்டத்தின் எண்ணையும் பக்கத்துக் கட்டங்களோடு கொஞ்சம் கலந்து சராசரி எடுத்துவிடு, மேடு பள்ளம் அமுங்கிவிடும் என்கிறார்.

கலந்தேன். வெடிக்கவில்லை. பட்டுத் துணி மாதிரி ஒரு அலை வந்து, ஓடைக்குள் நுழைந்து, மாமாவின் வயல் ஓரத்தில் மரியாதையாக நின்றுவிட்டது. பள்ளி இடத்தில் ஒரு சொட்டு இல்லை.

"தேக்கோ! கித்னா சுந்தர்" என்று சார் படத்தைத் தன் போனில் பிடித்துக்கொண்டார். இவ்வளவு அழகான அலையாம், மேலே அனுப்பப் போகிறாராம். பூமி பூஜைக்கு நாள் பார்த்தாயிற்றாம்.

எனக்கும் சந்தோஷம்தான். ஆனால் இவ்வளவு சுலபமா?

ஜூன் 7, சனி

வெயில் எட்டிப் பார்த்தது. துணி மொத்தத்தையும் வெளியே போட்டேன். ஆபீஸ் லீவு, ஆனால் மனசு லீவு விடவில்லை.

வீட்டு லேப்டாப்பில் ஒரு சின்னப் பரீட்சை. கரைச் சரிவே இல்லாத ஒரு தொட்டி, அதில் ஒரே ஒரு அலை. அது பாட்டுக்குப் போய் எதிர்ச் சுவரில் மோதி அதே உயரத்தோடு திரும்ப வேண்டும். ஸ்மூத் செய்யாமல் ஓட்டினால் வருகிறது. சார் சொன்ன மாதிரி கலந்து ஓட்டினால் பாதி வழியிலேயே படுத்துவிடுகிறது, சுவர் வரை போகவே இல்லை.

அப்படியென்றால் நான் வெடிப்பை மட்டும் அமுக்கவில்லை. அலையையே அமுக்கிவிட்டேன். தட்டையாகிற வரை தடவிக் கொடுத்துவிட்டு, பார், தட்டையாக இருக்கிறது என்று சொல்வது என்ன கணக்கு?

செல்வம் கூப்பிட்டார். கார் நிக்கோபாரில் போஸ்டிங் ஆனதிலிருந்து வீட்டுக்காரரோடு முழு வாக்கியம் பேசினதில்லை, லைன் அறுந்து அறுந்துதான். "சரியாத்தானே வந்திருக்கு, அப்புறம் என்ன?" என்றார். "சரியா வரல. அழகா வந்திருக்கு" என்றேன். கேட்டதோ என்னவோ, லைன் போய்விட்டது.

ஜூன் 9, திங்கள்

தலைவலி. மழையில்லை, புழுக்கம்.

பி. சாரிடம் சொன்னேன்: ஸ்மூத் செய்ததை நம்ப முடியாது, கரைப் பக்கம் கட்டங்களைச் சின்னதாக வெட்டி, நேரத்தையும் சின்னச் சின்னதாக நகர்த்தி ஓட்டினால் வெடிக்காது, ஆனால் ஓடி முடிக்க நாளாகும். சாருக்கு முகம் சுண்டிப் போயிற்று. "போட்டோ பேஜ் தியா மைனே" என்கிறார். படம் அனுப்பியாயிற்றாம். அதற்கு நான் என்ன செய்ய? கடைசியில், "கரோ, லேகின் ஜல்தி" என்று கையை உதறிவிட்டுப் போனார். சீக்கிரம் முடிக்க வேண்டுமாம்.

ஓடவிட்டேன். மத்தியானம் கரண்ட் போயிற்று. யு.பி.எஸ். கூவிக் கூவி அணைந்தது. முதலிலிருந்து. இந்தத் தீவில் அலையைவிட ஜெனரேட்டருக்குத்தான் பயப்பட வேண்டும்.

மறுபடி ஓடவிட்டிருக்கிறேன். இந்த முறை நடுநடுவே சேமிக்கச் சொல்லி.

ஜூன் 11, புதன். பௌர்ணமி

பகலெல்லாம் காற்று. மத்தியானத்துக்கு மேல் மாமா வயலுக்குப் போய்விட்டு, தொடை வரை சேறோடு வந்தார். சாக்கில் நான்கு நண்டு. ஒவ்வொன்றும் இனியாவின் முகம் அகலம்.

"வரப்புல தெக்கு மூல சரிஞ்சி போச்சி புள்ள. கல்லு அடுக்கிட்டேன். அமாவாசைக்கி இன்னுங் கொஞ்சம் அடுக்கணும்" என்றார். பௌர்ணமி, அமாவாசை இரண்டுக்கும் தவறமாட்டார். அன்றைக்குத்தான் தண்ணீர் நன்றாக வற்றும். எல்லைக் கல் கண்ணுக்குத் தெரிகிற வரைக்கும் அது நிலம்தான், ரிக்கார்டிலிருந்து எடுக்கமாட்டார்கள் என்று யாரோ ஒரு ரெவென்யூ ஆள் எப்போதோ சொன்னானாம். அதைப் பிடித்துக்கொண்டிருக்கிறார்.

இந்த வயல் பேச்சு வந்தால் வீட்டில் யாரும் குறுக்கே பேசுவதில்லை. மாமா பிறந்தது இலங்கை மலைத் தோட்டத்து லயத்தில். பிறகு இங்கே கச்சால் தீவில் ரப்பர் தோட்டம், அங்கேயும் வரிசை வீடு. அவர் பரம்பரையிலேயே சொந்தமாக வாங்கின முதல் துண்டு நிலம் இதுதான். விளைச்சல் எடுத்தது கொஞ்ச வருஷம். அவ்வளவுதான்.

நண்டை உடைத்து மிளகு அரைத்துப் போட்டேன். இனியா இரண்டு காலை ஒளித்துவைத்துக்கொண்டு கடைசியில் சாப்பிட்டாள், கள்ளி.

ஜூன் 12, வியாழன்

ஓடி முடிந்துவிட்டது! வெடிக்கவில்லை. ஸ்மூத் ஒரு துளி கூட இல்லை.

பள்ளி இடம் காய்ந்த தரை!

அலை முன்னைவிட உயரமாகத்தான் வருகிறது. ஓடைக்குள் பொங்குகிறது. ஆனால் வயல் விளிம்பில் நின்று திரும்பிவிடுகிறது. பழைய விடையும் இதேதான். வேண்டாத பயம் பயந்திருக்கிறேன். பி. சார் என் மேசையில் ஒரு ரசகுல்லா டப்பாவைக் கொண்டுவந்து வைத்தார். "மைனே போலா தா நா?" நான்தான் சொன்னேனே என்று எல்லாரிடமும் சொல்லிக்கொண்டு திரிகிறார். சொல்லட்டும். இரண்டு சாப்பிட்டேன்.

வரும் வழியில் இ.வுக்கு நோட்டு அட்டை வாங்கினேன். பிரவுன் இல்லை, பூப் போட்டதுதான் இருந்தது.

ஜூன் 13, வெள்ளி



காலை பஸ்ஸில் ஜன்னல் சீட். மடியில் நேற்றைய படத்தின் பிரிண்ட். அலை நிற்கிற இடத்தையே பார்த்துக்கொண்டு வந்தேன். நேர்க்கோடு. ஸ்கேல் வைத்து வரைந்த மாதிரி. தண்ணீர் எங்கேயாவது இப்படி நேராக நிற்குமா? யார் போட்ட கோடு இது என்று யோசித்தேன். நான் போட்டதுதான். மாமாவின் வரப்பு.

பஸ் அப்போது ஓடை ரோட்டில் திரும்பியது. கடல் ஏற்றம். ரோட்டோரம் வரை தண்ணீர். நடுவில் அந்தப் பழைய மின்கம்பம் இடுப்பளவு நீரில். வரப்பு இல்லை, எல்லைக்கல் இல்லை, ஒன்றுமில்லை. சுனாமி வந்த அன்று பூமி குலுங்கியதில் தரையே கீழே உட்கார்ந்துவிட்டது. அன்றிலிருந்து அங்கே கடல்தான். நாற்று இல்லை, நண்டு. தினம் போக வர நான் பார்க்கிற தண்ணீர் அது.

நான் என்ன செய்திருக்கிறேன்? போன மாதம் சோறு போடும்போது, "வரப்பு எவ்வளவு உயரம் மாமா?" என்று கேட்டேன். "இடுப்பு ஒசரம் புள்ள, எங்கையால போட்டது" என்றார் பெருமையாக. தரை உட்காருவதற்கு முந்தைய மேப்பிலிருந்து வயலின் மட்டத்தை எடுத்துக்கொண்டேன். அதற்கு மேல் இடுப்பு உயரத்துக்குச் சுவர் வைத்தேன். வரப்பு இரண்டடி அகலம். என் கட்டத்தில் சின்னதே பத்து மீட்டர். ஆக, கடலுக்கு நடுவில் பத்து மீட்டர் தடிப்புக்கு ஒரு கோட்டை. அலை அதில்தான் மோதித் திரும்பியது.

மற்ற இடங்களுக்கெல்லாம் தாழ்ந்த மட்டத்தைச் சரியாகப் போட்டிருக்கிறேன். இந்த வயலுக்கு மட்டும் இல்லை. மெயின்லேண்டிலிருந்து வந்த எவனாவது செய்திருந்தால் சாட்டிலைட் படத்தைப் பார்த்துத் தண்ணீர் என்று போட்டுவிட்டுப் போயிருப்பான். இந்த வீட்டு மருமகளுக்குத்தான் இந்தத் தப்பு வரும். வயலுக்குப் போறேன், வயல்ல நண்டு, வயல்ல வலை கட்டியிருக்கேன். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து கேட்டுக் கேட்டு எனக்கும் அது வயல்.

பக்கத்து சீட்டில் இரண்டு அம்மாக்கள் சுரமை மீன் என்ன விலை என்று சண்டை. பிரிண்டை மடித்துப் பைக்குள் போட்டேன்.

வயல் கட்டங்களைத் தண்ணீர் என்று மாற்றி ஓடவிட்டேன். யாரிடமும் சொல்லவில்லை.

ஜூன் 15, ஞாயிறு

மழை. இட்லி கல் மாதிரி. ஒருத்தரும் குறை சொல்லவில்லை, அதற்கும் எரிச்சல் வந்தது.

மாமா வராந்தாவில் உட்கார்ந்து கம்பியை வளைத்துக்கொண்டிருந்தார், அமாவாசைக்குக் கல் கட்டித் தூக்க. அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை. உள்ளே போய் வேண்டாத பாத்திரத்தையெல்லாம் தேய்த்தேன்.

விடை மாறாமலே இருந்துவிடக் கூடாதா, கடவுளே.

ஜூன் 17, செவ்வாய்

மாறிவிட்டது.

தண்ணீர் வயலைத் தாண்டி, தென்னை வரிசையைத் தாண்டி, பள்ளி இடத்துக்குள். நிற்கவும் இல்லை. எவ்வளவு ஆழம் என்று பார்த்தேன். வீட்டுக்கு வந்ததும் இனியாவைச் சுவரோரம் நிற்கவைத்து டேப்பால் அளந்தேன். தோள்பட்டை. "எதுக்கும்மா அளக்கிற, புது சட்டையா?" என்றாள். ஆமாம் என்றேன்.

ஒன்றாம் வகுப்பில் அவள்தான் உயரம்.

ஜூன் 18, புதன்

பி. சாரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். படம் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தேன். கத்துவார் என்று நினைத்தேன், கத்தவில்லை. கதவைச் சாத்தினார்.

"ரிக்கார்ட் மே க்யா ஹை? ஜமீன். தோ ஜமீன் ஹை" என்றார். ரெவென்யூ ரிக்கார்டில் நிலம் என்று இருக்கிறது, அதனால் நிலம்.

"சார், அங்கே மீன் பிடிக்கிறாங்க."

"பகட்னே தோ." பிடிக்கட்டும் என்கிறார். பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டு மெதுவாகச் சொன்னார்: அவருடைய அப்பாவின் தென்னந்தோப்பும் அப்படித்தானாம். மரம் ஒன்று கூட இல்லை, உப்புத்தண்ணீர்தான். ஆனால் காகிதத்தில் தோப்பு. பதிலுக்கு நிலம் தருவார்கள் என்று அவர் அம்மா இன்னும் காத்துக்கொண்டிருக்கிறாராம். "ஏக் கோ சமுந்தர் லிகோகே, தோ சப் சமுந்தர் ஹோ ஜாயேகா." ஒன்றைக் கடல் என்று எழுதினால் எல்லாம் கடலாகிவிடும். "ஆப்கே சசுர் கா பீ தோ ஹை." உங்கள் மாமனாருடையதும்தானே.

தெரியாமலா சார் சொல்கிறேன் என்று வாய் வரை வந்தது. அவர் கண் கலங்கியிருந்தது, அதனால் விட்டேன்.

கடைசியில் ஒன்று ஒத்துக்கொண்டார். தரை மட்டத்தை நேரில் அளந்து கொண்டுவந்தால் மேலே அனுப்புகிறேன், சும்மா கம்ப்யூட்டர் சொல்கிறது என்றால் அனுப்பமாட்டேன். நன்றாக வற்றுகிற நாளில்தான் அங்கே இறங்கி அளக்க முடியும். அதாவது அமாவாசை.

ஜூன் 20, வெள்ளி

செ. கூப்பிட்டார். சொன்னேன்.  

"அப்பாகிட்ட இப்ப சொல்லாத. நான் வந்து சொல்றேன்."

"எப்ப வருவீங்க?"

"கப்பல்ல டிக்கெட் கெடச்சா."

நல்ல பிள்ளை. கப்பல் டிக்கெட் மேல் பழி போட்டு ஒரு ஆயுள் ஓட்டிவிடலாம்.

"அத நெலம்னே வச்சிக்கிட்டு ஸ்கூல மட்டும் வேற எடத்துக்கு மாத்தச் சொல்ல முடியாதா?" என்றார். நானும் அதைத்தான் நான்கு நாளாக யோசிக்கிறேன். முடியாது. ஏன் மாற்ற வேண்டும் என்று கேட்பார்கள். ஏன் என்றால், அது கடல்.

ஜூன் 22, ஞாயிறு

சொல்லிவிட்டேன்.

காலையில் மாமா டீ குடித்துக்கொண்டிருந்தார். எப்படி ஆரம்பிப்பது என்று மனப்பாடம் செய்து வைத்ததெல்லாம் பறந்துவிட்டது. "மாமா, வயலைக் கடல்னு எழுதப் போறேன்" என்றேன். போட்டு உடைத்தேன்.

முதலில் சிரித்தார். பட்டாசு வேடிக்கை என்று நினைத்தார் போல. லேப்டாப்பைத் திறந்து படத்தைக் காட்டியதும் சிரிப்பு நின்றது.

"எங்கப்பன் லயத்துல செத்தாரு. அடுத்தவன் எடம். நான் ரப்பர் வெட்டுனேன், அதுவும் அடுத்தவன் எடம். ஒரே ஒரு துண்டு, என் பேர்ல. கடல் எடுத்துச்சி, சரி, அது கடலு, அதுக்குக் கண்ணு இல்ல. ஒனக்குக் கண்ணு இருக்கில்ல? நீயும் எடுக்கறியா புள்ள?"

எனக்கு அழுகை வந்துவிட்டது. அழுதால் காரியம் கெடும் என்று அடக்கினேன். அடங்கவில்லை.

"ஸ்கூலுக்குள்ள தண்ணி வருது மாமா."

"எவ்ளோ வரும்?"

 இனியா பக்கத்தில் நின்று வாய் பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் தோளில் கையை வைத்துக் காட்டினேன். மாமா என் கையைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். டீ கிளாஸைக் கீழே வைத்துவிட்டு வெளியே போனார். மத்தியானம் சாப்பிட வரவில்லை. சாயங்காலம் வந்து, ரசத்தை மட்டும் ஊற்றிக்கொண்டார்.

ஜூன் 23, திங்கள்

மாமா பேசவில்லை. இனியா ஒரு தண்ணீர் பாட்டிலைப் பள்ளியில் தொலைத்துவிட்டாள். அரிசி தீரப்போகிறது.

நான் எடுக்கவில்லை. ஏற்கெனவே போனதைப் போய்விட்டது என்று சொல்கிறேன். அவ்வளவுதானே? இதை இருபது முறை சொல்லிப் பார்த்தேன். ஒருமுறை கூட மனசு ஆறவில்லை.

ஜூன் 25, புதன். அமாவாசை

வானம் மூடிக்கிடந்தது, ஆனால் மழை பிடித்துக்கொள்ளவில்லை. மத்தியானம் சர்வே பிரிவிலிருந்து அப்பாராவ் வந்தார். விசாகப்பட்டினத்துக்காரர், வாய் ஓயாது. மட்டம் பார்க்கிற கருவி, முக்காலி, அளவுக்கம்பு எல்லாம் ஜீப்பில். ரோட்டோரம் நிறுத்தினோம்.

தண்ணீர் வற்றியிருந்தது. சேறு, பாசி, உப்பு வாடை. மாமாவின் வரப்பு கறுப்பாக எழும்பி நின்றது, நாலு பக்கமும், வளைவு நெளிவு இல்லாமல். இத்தனை வருஷம் கடலுக்கு அடியில் இருந்த சுவர் மாதிரியே இல்லை.  தெற்கு மூலையில் மாமா கல் அடுக்கிக்கொண்டிருந்தார்.

"யே கோன் ஹை? பாகல் ஹை க்யா, பானி மே தீவார் பனா ரஹா?" என்றார் அப்பாராவ். யார் இந்தப் பைத்தியம், தண்ணீரில் சுவர் கட்டுகிறான்?

"மேரா சசுர்" என்றேன். என் மாமனார். பாவம், அப்பாராவ் நாக்கைக் கடித்துக்கொண்டார். உடனே ஜீப்பிலிருந்து முக்காலியை இறக்கப் போனார்.

கருவியை ரோட்டில் வைத்துக் கண்ணைப் பதித்தேன். அளவுக்கம்போடு அப்பாராவ் சேற்றில் இறங்கினார். ஷூ மாட்டிக்கொண்டது. ஒரு காலை எடுத்தால் மறு கால் புதைகிறது. விழப் போனார். மாமா கல்லைப் போட்டுவிட்டு வந்தார். என் பக்கம் திரும்பவில்லை. அப்பாராவின் கையிலிருந்து கம்பை வாங்கினார்.

"எங்க நிக்கணும்னு கேளுங்க" என்றார் அவரிடம். எனக்குக் கேட்கட்டும் என்றுதான் அவ்வளவு சத்தம்.

"வரப்பு மேல மாமா."

நின்றார். கம்பு ஆடவில்லை. படித்தேன். எழுதினேன்.

"வயலுக்குள்ள."

இறங்கினார். கருவிக் குழாய் வழியாக அவர் தலைகீழாகத் தெரிந்தார். பழைய கருவி, அப்படித்தான் காட்டும். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, வானத்திலிருந்து தொங்குகிற மாதிரி. நடு வயல், வடக்கு, மேற்கு. ஒவ்வொரு இடத்திலும் நான் கத்துகிறேன், அவர் போய் நிற்கிறார். மதகு இருந்த இடத்துக்கு நான் சொல்லாமலே போய் நின்றார்.

முடிவதற்குள் ஏற்றம் தொடங்கிவிட்டது. வரப்பைத் தாண்டி மெதுவாக உள்ளே வந்தது. கடைசிப் புள்ளியில் அவருக்கு முட்டிக்கு மேல் தண்ணீர். கம்பைத் திருப்பிக் கொண்டுவந்து அப்பாராவிடம் கொடுத்தார்.

"இந்த நாட்டுல ஒரு நெலத்த அளக்கறதுக்கு ஜீப்பு வந்தது இதுதான் மொத தடவ" என்றார். அதுவும் அவரிடம்தான்.

ஜீப்பில் வரச் சொன்னேன். நடந்தே வந்தார்.

ஜூன் 27, வெள்ளி

அளந்த மட்டத்தைப் போட்டு ஓட்டின விடையும் அதேதான். தோளுக்கு நாலு விரல் கீழே, அவ்வளவுதான் வித்தியாசம். அறிக்கை எழுதினேன். ஒரு வரிக்காக மத்தியானம் முழுக்க உட்கார்ந்திருந்தேன். 'முன்பு நிலமாக இருந்த, தற்போது' என்று ஆரம்பித்தேன். அடித்தேன். 'தாழ்ந்த நிலம்' என்று போட்டேன். அதுவும் ஸ்மூத் வேலைதான். அடித்தேன். கடல் என்று போட்டேன்.

பி. சார் படித்துவிட்டுக் கையெழுத்துப் போட்டார். பேனாவை மூடிவிட்டு, "மா கோ நஹி பதாவூங்கா" என்றார். அம்மாவிடம் சொல்லமாட்டாராம்.

பூமி பூஜை தள்ளிப்போகிறது என்று சாயங்காலமே பேச்சு. ஆபீஸில் ஒருவரும் என்னோடு டீ குடிக்க வரவில்லை, அல்லது எனக்குத்தான் அப்படித் தோன்றியதா தெரியவில்லை.

ஜூலை 3, வியாழன்

பள்ளிக்கு வேறு இடம். மேட்டில், தண்ணீர் டேங்குக்குப் பக்கம். பாறை உடைக்க வேண்டும், தாமதமாகுமாம். இனியா அதுவரை தகரக் கொட்டகைதான். மழை பெய்தால் டீச்சர் சொல்வது ஒன்றும் கேட்கவில்லையாம், அதனால் கதை எழுதிப் போடுகிறாராம் போர்டில். அவளுக்கு அது பிடித்திருக்கிறது.

செல்வத்திடம் சொன்னேன். "நல்லதுதான்" என்றார். பிறகு, "அப்பா என்ன பண்றாரு?" மழைக்கு ஓட்டுக்குத் தார்ப்பாய் போடுகிறார் என்றேன். நிஜம்தான். என்னோடும் இப்போது பேசுகிறார். உப்பு போதும், குழம்பு இன்னுங் கொஞ்சம், கேஸ் தீந்திருச்சி. குரலில் கோபம் இல்லை. கோபம் இருந்தால் தேவலை.

கப்பல் வந்தது. தக்காளி, கேரட், முட்டைக்கோஸ். முட்டைக்கோஸ் பாதி அழுகல்.

ஜூலை 10, வியாழன். பௌர்ணமி

தலைவலி என்று சொல்லிப் பாதியிலேயே வீட்டுக்கு வந்துவிட்டேன். பஸ்ஸில் வரும்போது பார்த்தேன், நன்றாக வற்றியிருந்தது. வரப்பு முழுசாக வெளியே. தெற்கு மூலையில் கல் மறுபடி சரிந்திருக்கிறது.

மாமா வராந்தாவில் உட்கார்ந்திருந்தார். சாக்கு ஆணியில் தொங்குகிறது. கம்பி சுருட்டி வைத்தது வைத்தபடி. வெண்டைக்காய் நறுக்க உட்கார்ந்தேன். கேட்கலாமா, வேண்டாமா? கேட்டால் என்ன சொல்வார், கேட்காவிட்டால் அதைவிட மோசம் இல்லையா? யோசித்து யோசித்து விரலை வெட்டிக்கொண்டேன்.

அதற்குள் இனியா பள்ளியிலிருந்து ஓடிவந்தாள். பையைக்கூடக் கழற்றவில்லை.

"தாத்தா, தண்ணி வத்திருச்சி! வயலுக்குப் போகல?"

"எந்த வயலு?" என்றார்.

அவள் என்ன சொன்னாள் என்று கேட்கவில்லை, குக்கர் விசில் அடித்துவிட்டது.